பேச்சிப்பாறைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை

என் ஒரே சம்பந்தி பகவதிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி ஒன்றாகப் போகிறது. மகள் தாருவுக்கு மூச்சிழுப்பு அடங்கி இப்போதுதான் கண்ணசந்தாள். அவளுடைய மூச்சில் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாகத்தான் வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். கடிதமும் அவ்வளவு தாமதம். அதற்கும் சேர்த்தே மன்னித்துக்கொள்.

நம் வகுப்புக் கூட்டாளிகள் உன் நினைவாக ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு பக்கம் என்று கேட்டார்கள். நானும் போன வாரமே எழுதி முடித்துவிட்டேன். கலகலப்பானவள், கடைசிவரை சிரித்த முகம், அப்படி இப்படி என்று. நேற்று திரும்ப வாசித்தபோது உன் குரல் கேட்டது. “யாருட்டி இது? செத்துப்போன எவளையோ பத்தி எழுதி வச்சிருக்க?” கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் உன்னிடம் செய்ததை வேண்டுமானால் எழுதலாம்.

நம்மைத் தெரியாதவர்களும் அந்தப் புத்தகத்தில் இதை வாசிப்பார்கள். ‘சம்பந்தி’ என்றால் அவர்கள் திகைக்கப் போகிறார்கள். கல்லூரி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே நாம் பேசி முடித்த சம்பந்தம் அது. உனக்குப் பையன், எனக்குப் பெண். பெயர்கூட வைத்தாகிவிட்டது. பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, கல்யாணப் பேச்சே உன் வீட்டில் நின்றுபோனது. அப்போதும் நீ விடவில்லை. “பிள்ளை இல்லன்னா என்ன? ஒம் பிள்ளைக்கு வெறும் மாமியாரா மட்டும் இருந்துகிடுகேன்” என்றாய். நான் அழுதேன். நீ, “சும்மா இரிட்டி, மருமவ என்ன சீர் கொண்டு வருவா, அதச் சொல்லு” என்றாய்.

இப்போது சேதிக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் சுதனுக்கு மஸ்கட்டில் வேலை வந்திருக்கிறது. அங்கே பெரிய டைல்ஸ் ஷோரூமாம். இரண்டு வருஷம். வருகிற திங்கட்கிழமை ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். இந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

“விசா வந்துட்டு, கேட்டியா.”

நான் தாருவுக்குத் தோசையைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். “அப்பிடியா” என்றேன்.

“போகட்டா?”

“உங்க இஷ்டம்.”

அந்த நிமிஷத்தில் எனக்குள் வந்தது அழுகை இல்லை பகவதி. பயம்கூட இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி இரண்டு வருஷம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேச ஒன்றுமில்லாமல் இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பைக் சத்தம் கேட்டதும் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டாம். எந்த மனுஷனுக்காகப் பிறந்த வீட்டுப் படியை மிதிக்காமல் மூன்று வருஷம் இருந்தேனோ, அந்த மனுஷன் கடல் தாண்டிப் போகிறேன் என்கிறார், எனக்கு நிம்மதி. தாரு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோசைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்? எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நீ.

சாட்சிக்கு முன்னாலேயே, ஆரம்பித்து வைத்ததும் நீதானே. கன்னியாகுமரியில் உன் அப்பாவின் சங்குக் கடைக்குப் புதுத் தரை போட்டார்கள். சனிக்கிழமை, நான் உன்னோடு சிப்பி மாலைகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். தக்கலை டைல்ஸ் கடையிலிருந்து தரை அளக்க வந்த ஆள் என்னைப் பார்த்து, “இந்த டேப்புத் தலைப்பக் கொஞ்சம் பிடியுங்க” என்றார். பிடித்தேன். ஒரே சுவரை மூன்றாவது தடவை அளந்தபோது நீ மாலையைக் கீழே வைத்தாய்.

“ஏண்ணே, செவரு வளந்துகிட்டா வருது? மூணு தடவ அளக்கீரு?”

“இல்ல, டேப்பு கொஞ்சம் பழசு.”

“டேப்பு பழசுன்னா டேப்ப மாத்தணும். பிடிக்க ஆள மாத்தினா சரியாவுமா?”

அவர் காது சிவந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதிவு ஆபீஸில் உன் முறை வந்தபோது பேனா எழுதவில்லை. உதறி உதறிப் பார்த்தாய். “பேனாவே யோசிக்குது. நீங்களும் ஒருதரம் யோசிச்சுக்கிடுங்க” என்றாய். எழுதி முடித்ததும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாய்: “கையெழுத்து போட்டாச்சு. இனி யாரு கோளாறு பண்ணினாலும் நான்தான் கூண்டுல ஏறணும். பாத்து நடந்துக்கிடுங்க.” சுதன் அன்று புது நீலச் சட்டை போட்டிருந்தார். வேர்வையில் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முட்டைகூட அடுப்பேறாது. சுதன் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஜாதகம், சாதி, சொத்து எல்லாவற்றையும் விட என் அப்பா அதிகம் சொன்னது அந்த நாற்றத்தைப் பற்றித்தான். கல்யாணம் முடிந்து தக்கலையில் வாடகை வீட்டுக்குக் குடிவந்ததும், சுதன் வீட்டுக்குள் மீன் கொண்டுவருவதில்லை என்று அவராகவே முடிவு செய்தார். அவருடைய அம்மா வீட்டில் சாப்பிட்டு வருகிற நாட்களில், வெளிக்குழாயடியில் நின்று எலுமிச்சை இலையைக் கசக்கிக் கசக்கிக் கையில் தேய்ப்பார். பிறகு உள்ளே வந்து இரண்டு உள்ளங்கையையும் என் மூக்குக்கு நேரே நீட்டுவார். “மணக்கா பாரு.” எலுமிச்சையும் மீனும் சேர்ந்து மணக்கும். “இல்லியே” என்பேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை.

அந்த வருஷமே, அவருக்குத் தெரியாமல் ஒரு நாள் சாளை மீன் வாங்கினேன். அடுக்களைக்குப் பின்புறம் வொர்க் ஏரியாவில் தனி அடுப்பு, தனிச் சட்டி. மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையை நீட்டித் தூரத்தில் நின்று பொரித்தேன். பாதி கருகிவிட்டது. வாசலில் வந்து நின்ற சுதன், “எந்த பேங்க கொள்ளையடிக்கப் போறட்டி?” என்று கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கருகினதையும் சேர்த்து ஒன்றுவிடாமல் தின்றார். அன்று ராத்திரியே உனக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நீ, “பொறவு? பொறவு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

பொறவுதான் உனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. செவ்வாயும் வெள்ளியும் நாகர்கோவில் ஆஸ்பத்திரி. ஒரு கையில் ஊசி, மற்றக் கையில் போன். “நாலு மணிக்கூறு அசையாமக் கெடக்கணும் மக்கா. ஒரு கதை சொல்லு. சினிமாக் கதை வேண்டாம். ஒங்க வீட்டுக் கதை. அண்ணன் என்ன செஞ்சாரு, நீ என்ன செஞ்ச, அதச் சொல்லு” என்பாய். சொல்வேன். எவ்வளவு இருந்தது சொல்ல! தோவாளையிலிருந்து பிச்சிப்பூ வாங்கிச் சட்டைப்பையில் வைத்து மறந்து, சட்டையோடு தோய்த்துப் போட்டது. நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தபோது, டைல்ஸ் துண்டில் சாக்பீஸால் ‘மன்னிப்பு’ என்று எழுதி அரிசிப் பானைக்குள் வைத்தது. எதைச் சொன்னாலும் நீ கேட்பது ஒன்றுதான்: “பொறவு?”

எப்போது கதை தீர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாளைக் குறித்துக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். தாரு பிறந்தாள். ஆறு மாதத்தில் இழுப்பு வந்தது. அவளோடு நான் உள்ளறையில், அவர் வெளியறையில் என்று படுக்கை பிரிந்தது. நல்லதுக்குத்தான் பிரிந்தது, அவர் காலையில் வேலைக்குப் போக வேண்டுமே. அப்புறம் குழந்தைக்குச் சரியான மாதங்களிலும் பாயை எடுத்து உள்ளே போட யாருக்கும் தோன்றவில்லை. பதினொரு மணிக்குக் கடையிலிருந்து போன் பண்ணி, “தின்னியா?” என்று கேட்டவர், “பால் வாங்கணுமா?” என்று கேட்க ஆரம்பித்தார். நானும் “கேட்டப் பூட்டினீங்களா?”, “கேஸ் புக் பண்ணினீங்களா?” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அடியும் இல்லை, குடியும் இல்லை, இன்னொருத்தியும் இல்லை. ஒரு நல்ல சண்டை வந்திருந்தால்கூட உன்னிடம் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்கும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. ஒரு நாள் மதியம் வந்து தாருவைத் தூக்கினார். கையில் ஓட்டல் மீன் மணம். எலுமிச்சை இலை இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துவைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டாய். “அண்ணன் என்ன செஞ்சாரு?” நான் என்ன சொல்வேன்? உன் குரல் அன்று மிகவும் சோர்ந்திருந்தது. அரிசிப் பானைக் கதையையே கொஞ்சம் மாற்றி, பருப்பு டப்பாவில் வைத்ததாகச் சொன்னேன். நீ சிரித்தாய். அடுத்த செவ்வாய்க்கு இன்னொரு பழைய கதையைத் துடைத்துப் புதுசாக்கினேன். பழையதெல்லாம் தீர்ந்ததும் நடக்காததைச் சொல்ல ஆரம்பித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதில் நான் கைதேர்ந்துவிட்டேன். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைக்கான கதையை யோசிப்பேன். அந்தக் கதைச் சுதனோடு நான் சந்தோஷமாக இருந்தேன். நிஜச் சுதன் பின்னால் வந்து “டீ இருக்கா?” என்று கேட்டால் எரிச்சலாக இருக்கும்.

பேச்சிப்பாறைக் கதை அப்படி வந்ததுதான். ஒரு செவ்வாய்க்கிழமை உன்னிடம், போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் டேமுக்குப் போனோம் என்றேன். தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கை மிளகாயில் தொட்டுத் தின்றோம் என்றேன். மழை பிடித்துக்கொண்டது, குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று நான் பதறினேன், அவர் சட்டையைக் கழற்றித் தாருவைப் போர்த்திவிட்டு வெறும் மேலோடு நனைந்துகொண்டே என் கையைப் பிடித்து நடந்தார் என்றேன். நீ, “ஆளுக முன்னாலயா? பொறவு?” என்று கேட்டாய். உண்மையில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மதியம்வரை தூங்கினார். நான் துணி மடித்தேன். அப்புறம் அவர் கடைக்குப் போய்விட்டார்.

பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த தாரு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்போது அவளுக்கு நாலு வயசு.

“அம்மா, நாம டேமுக்கு எப்பம் போனோம்?”

“போன ஞாயித்துக்கெழம மக்கா.”

“எனக்கு ஞாபகம் இல்லியே.”

“நீ ஒறங்கிட்ட.”

“போவும்போதும் ஒறங்கினேனா? வரும்போதுமா?”

“ஆமா.”

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். தன் தூக்கத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன செய்தேன் பார், பகவதி. உன்னைச் சமாதானம் செய்யச் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, பெற்ற பிள்ளையின் நினைவையே தப்பு என்று சொல்லிவிட்டேன். அதோடும் முடியவில்லை. சாயங்காலம் சுதன் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் ஓடினாள்.

“அப்பா, டேமுல மழ பெஞ்சப்பம் ஒங்க சட்டையக் கழத்தி எனக்குப் போத்திவிட்டீங்களாமே! நான் ஒறங்கிட்டேன். அது என்ன கலர் சட்ட?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதுகு எல்லாம் கூசியது. 

“நீலச் சட்ட மக்கா” என்றார்.

அவரிடம் இருந்த ஒரே நீலச் சட்டை பதிவு ஆபீஸுக்குப் போட்டுவந்தது. அது கிழிந்து, தரை துடைக்கிற துணியாகி எத்தனையோ நாளாகிவிட்டது. ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏன் சொன்னேன் என்று அவர் கேட்பாரே.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது எடுத்த எடுப்பில் ஒன்று கேட்டாய். “ஏட்டி உமா, அந்த ஞாயித்துக்கெழம நீ பேச்சிப்பாறையில இருந்தியே, ஒன் வீட்டுல மீன் பொரிச்சது யாரு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னட்டி சொல்லுக?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல. கெறக்கத்துல என்னத்தையோ சொன்னேன். நீ கதையச் சொல்லு.”

மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு பொய்யை ஆரம்பித்தேன். நீயும் “பொறவு?” என்று கேட்டாய்.

இனிச் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடம்கூட இல்லை. உன் கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி தாண்டி நீ கூப்பிட்டாய். போன் ஃபிரிட்ஜ் மேலே இருந்தது. எனக்கு வேலை இல்லை. தாரு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்னிடம் கதை இல்லை, அவ்வளவுதான் காரணம். உன் பெயர் மின்னி மின்னி அணையும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று யோசித்துவிடலாம் என்று நினைத்தேன். வியாழக்கிழமை உன் அம்மா கூப்பிட்டார்கள்.

நீ என்ன சொல்ல நினைத்தாய் அன்றைக்கு? கதை கேட்கத்தான் கூப்பிட்டாயா? இல்லை, கதை போதும் மக்கா என்று சொல்லவா?

நேற்று சாயங்காலம் சுதன் தாருவின் இழுப்பு மிஷினுக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தார். மேஜை மேலே உன்னைப் பற்றி நான் எழுதிய தாள்கள். எடுத்து வாசித்தார்.

“சிரித்த முகம்னு எழுதியிருக்க. அவ நம்ம ரெண்டு பேரையும் கேலி பண்ணின மொகமில்லா?” என்றார்.

உன்னைப் பற்றி அவர் பேசினதும் எனக்கு எப்படியோ தைரியம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன். “அன்னைக்குத் தாருட்ட ஏன் நீலச் சட்டன்னு சொன்னீங்க?”

“பின்ன என்ன சொல்லணும்? உங்க அம்ம பொய் சொல்லுகான்னா?”

“நான் ஏன் சொன்னேன்னு கேக்கவே இல்லியே.”

“எனக்குத்தான் தெரியுமே. பகவதிக்குச் சொன்னது. வேற யாருட்ட சொல்லப் போற? ஒனக்கு வேற யாரு இருக்கா?”

இதைச் சொன்னவர் என் புருஷன். சொல்லிவிட்டு ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை, எனக்கும் சேர்க்கத் தோன்றவில்லை.

பிறகு தலை நிமிராமலே சொன்னார். “நானும் அவட்ட பொய்தான் சொன்னேன்.”

அப்போதுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாகர்கோவிலுக்கு லோடு ஏற்றிப் போகும்போதெல்லாம் பத்து நிமிஷம் உன்னை வந்து பார்த்திருக்கிறார். என்னிடம் சொன்னதே இல்லை. நீயும் சொல்லவில்லை, கள்ளி.

“போனா ஒடனே கேப்பா, ‘உமா என்ன செஞ்சா, சொல்லும்’னு. சொல்ல என்ன இருக்கு? ஊசியக் குத்திக்கிட்டுக் கெடக்கவட்ட ஒண்ணும் இல்லன்னா சொல்ல முடியும்? டேமுக்குப் போனதா நீ சொன்னியே, அந்த வாரம், நீ எந்த நாளச் சொன்னன்னு தெரியாம, ஞாயித்துக்கெழம உமா எனக்கு மீன் பொரிச்சுத் தந்தான்னு சொன்னேன். மூக்குல துணியக் கட்டிக்கிட்டு.”

“அது நடந்து ஆறு வருஷம் ஆச்சே.”

“ஆமா. அவளுக்கும் அது தெரிஞ்ச கததானே. இன்னொரு மட்டமும் பொரிச்சான்னு சொன்னேன்.”

உன் கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே ஞாயிற்றுக்கிழமை. நான் சொன்ன கதையில் நாங்கள் மூன்று பேரும் டேமில் மழையில் நனைகிறோம். அவர் சொன்ன கதையில் நான் வீட்டில் அவருக்கு மீன் பொரிக்கிறேன். இரண்டையும் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, மூன்று நாள் இடைவெளியில் நீ கேட்டிருக்கிறாய். நீ என்னிடம் கேட்டதை அவரிடம் சொன்னேன். ஸ்குரூ டிரைவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“அப்பம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சுக்கிட்டேவா ரெண்டு பேரு கதையையும் கேட்டுக்கிட்டுக் கெடந்தா?”

 அவர் பிளக்கைச் சொருகினார். மிஷின் பெரிய சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. 

நேற்றிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சிப்பாறை எனக்கு எங்கிருந்து வந்தது? நான் ஆசைப்பட்டது அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேர், ஒரு தட்டு மரச்சீனி. தக்கலையிலிருந்து பைக்கில் போய்வந்துவிடலாம். “போவமா?” என்று ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருந்தால் முடிந்தது. அவருக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? வீட்டுக்குள் வரும்போது மீன் மணக்க வேண்டும், நான் துணி கட்டிக்கொண்டு அசிங்கமாக நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும். இரண்டு பேரும் ஆசையை உன்னிடம் கொண்டுவந்து கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பால் வாங்கணுமா என்று கேட்டுக்கொண்டோம். ரத்தம் சுத்தம் செய்யப் படுத்திருந்தவள் மேல் எங்கள் சுமையையும் ஏற்றியிருக்கிறோம். உனக்காகப் பொய் சொன்னேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அதுவும் பொய்தான். எனக்காகத்தான் சொன்னேன்.

இன்றைக்குக் காலையில் ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிற அம்மாவைக் கை தட்டிக் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் எங்கள் வாசலில் நின்றதே இல்லை அவர்கள்.

“ஒங்க வீட்டுக்கா மோளே? பூனை வளக்கியளா?”

“இல்ல, ஆளுக்குத்தான். சாளை தாங்க.”

மீன் சட்டி வொர்க் ஏரியாவில் மாட்டின ஆணியிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. அரை மணி நேரம் தேய்த்தேன். மூக்கில் துணியைக் கட்டினேன். தாரு ஓடிவந்து, “அம்மா, ஒனக்கும் இழுப்பா?” என்று கேட்டாள். புகை அவளுக்கு ஆகாது என்று கதவைச் சாத்திக்கொண்டு பொரித்தேன். இந்த முறை கருகவில்லை.

அவர் வரும்போது மணி ஒன்பதரை. தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துணியை நான் எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தேன்.

“நான் தின்னுட்டேனே” என்றார்.

“பரவால்ல.”

“நாளைக்குத் தின்னுகேன்.”

“சரி.”

அவரே ஒரு டப்பாவில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தார். வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. எதற்காகப் பொரித்தேன் என்று நானாவது சொல்லியிருக்கலாம். நான் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். “கேட்டப் பூட்டினீங்களா?” என்று கேட்டேன். பூட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். இப்படிப்பட்டவள்தான் பகவதி உன் சம்பந்தி.

உன் அம்மா முந்தாநாள் கூப்பிட்டார்கள். “ஞாயித்துக்கெழம திவசம் மக்கா. ரெண்டு பேரும் சேந்து வாங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்து நிக்கத பாத்தா அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்” என்றார்கள். வருவோம். உன் படத்துக்கு முன்னால் இத்தனை நாள் மாதிரி தோளை உரசிக்கொண்டு நின்று காட்ட மாட்டேன். எப்படி நிற்க முடிகிறதோ அப்படி நிற்பேன்.

எங்களுக்குள் இருந்தது திரும்ப வந்துவிடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. அது வருமா என்று எனக்கே தெரியாது. எனக்கு முடிகிற வாக்கு ஒன்றுதான். நடக்காத எதையும் இனி நடந்ததாகச் சொல்ல மாட்டேன், உன்னிடமும், தாருவிடமும், அவரிடமும். ஆசைப்பட்டால் ஆசைப்பட்டேன் என்று சொல்வேன், ஆசைப்பட்ட ஆளிடமே சொல்வேன். விடிந்ததும் தாருவை மடியில் வைத்துக்கொண்டு, நீ தூங்கவில்லை மக்கா, நாம் டேமுக்குப் போகவே இல்லை, அம்மா பொய் சொன்னேன் என்று சொல்லிவிடுவேன். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்வேன்.

இந்தக் கடிதத்தைப் புத்தகத்துக்கு அனுப்பும் முன்னால் சுதனிடம் கொடுக்கிறேன். அவர் வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டேன். நீ போட்ட கையெழுத்துக்கு, ஒருமுறையாவது அவரிடம் நான் உண்மை பேசினதாக இருக்கட்டும்.

உன் பெயர் இன்னும் என் போனில் இருக்கிறது. இனி எந்தப் பெயர் மின்னினாலும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், எடுப்பேன்.

என்றும் உன் சம்பந்தி,
உன் மருமகளைப் பெற்றவள்,
உமா

பின்குறிப்பு, சுதனுக்கு:

இதை ஃபிரிட்ஜில் நீங்கள் வைத்த மீன் டப்பாவுக்கு மேலே வைக்கிறேன். போகட்டா என்று கேட்டீர்கள். உங்க இஷ்டம் என்றேன். அது பதில் இல்லை. நீங்கள் போகிறீர்கள் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அது உண்மை. உங்களுக்காகத்தான் இன்றைக்கு மீன் வாங்கினேன், அதுவும் உண்மை. எனக்குப் பேச்சிப்பாறைக்குப் போக வேண்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் வாசித்துவிட்டுச் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.